ஓசூருக்குப் போகிறவள் பிள்ளையைப் பறிப்பவளா?

போத்தனூரில் எங்கள் சித்தி வீட்டு வாசலில், வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு ஏப்ரல் மாதம் ஒரு பேச்சு நடந்தது. சித்தி மகளுக்கு விவாகரத்தாகி ஒன்றரை வருடம் ஆகிறது. இருவரும் சம்மதித்துப் பிரிந்தவர்கள். எட்டு வயதுப் பையன் அவளிடம் இருக்கிறான். ஞாயிறு காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை அப்பாவிடம். அவளுக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. இங்கே வாங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு சம்பளம். பையனோடு ஓசூருக்குக் குடிபோகிறேன் என்றாள். அதற்குத்தான் பெரியவர்கள் கூடியிருந்தார்கள்.

"அப்பன் உசுரோட இருக்கறப்ப புள்ளைய ஊர் மாத்தறது எந்த நாயத்துல சேரும் அம்மணி? வேலைதான் வேணும்னா இங்கயே தேடிக்க. அங்கதான் போகோணும்னா புள்ளைய உட்டுட்டுப் போ." சொன்னவர் கெட்டவர் இல்லை. அவள் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர், பிரிந்தபோது அவளுடைய நகையைத் திரும்ப வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் சொன்னதும் எல்லோரும் தலையாட்டினார்கள். கதவோரம் நின்ற சித்தியும் தலையாட்டினாள். நான் தலையாட்டவில்லை, ஆனால் வாயும் திறக்கவில்லை. அன்று பேசியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு பெரியவரின் கருத்தோடு முடிந்திருந்தால் எழுத வேண்டியதில்லை. வக்கீல் அலுவலகத்திலும் சமரச மையத்திலும் டீக்கடையிலும் இதே பேச்சுதான். படித்தவர்கள் இதையே கொஞ்சம் மெருகேற்றிச் சொல்வார்கள்: குழந்தைக்குத் தாயும் வேண்டும், தகப்பனும் வேண்டும், தகப்பன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஆகவே பிள்ளை யாரிடம் வளர்கிறதோ அவர், பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை, அந்த ஊரை விட்டு அசையக் கூடாது. இதில் முதல் வாக்கியம் உண்மை. நானும் அதன் பக்கம்தான். கடைசி வாக்கியம் அதிலிருந்து எப்படி வந்தது என்பதுதான் என் கேள்வி.

நான் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். சென்னையிலிருந்து பேப்பூருக்கு 1862-ல் போன ரயில் பாதையில் பெயர் பெற்ற ஊர் போத்தனூர். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்காவது வீட்டில் ஒரு ரயில்வேக்காரர் இருந்திருப்பார். அப்பாவுக்கு மாற்றல் ஆர்டர் வந்தால் பத்து நாளில் வீடு காலி. ஈரோடு, ஷொறணூர், சேலம், மறுபடி போத்தனூர். பத்தாவது முடிப்பதற்குள் நான்கு பள்ளிக்கூடம் பார்த்தேன். ஷொறணூரில் கணக்கு வாத்தியார் மலையாளத்தில் திட்டினால் புரியாமல் சிரித்து, அதற்கும் சேர்த்து அடி வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தலைமையாசிரியர் அறை வாசலில் மாற்றுச் சான்றிதழுக்காக அம்மா கால் கடுக்க நின்றது நினைவிருக்கிறது. பித்தளைக் குடத்துக்குள் டம்ளர்களைப் பழைய வேட்டித் துணி சுற்றி அடுக்குவாள். என்னைத் தூக்கி வளர்த்த ஆத்தாவும் அப்பாரும் போத்தனூர் நடைமேடையில் நின்று அழுவார்கள். அப்பாவைப் பார்த்து, "பேத்தியை ஆத்தாகிட்ட இருந்து பிரிக்கிறாயே, குழந்தையின் வேர் அறுந்துபோகுமே" என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. பிழைப்புக்காகப் போகிறான், குடும்பமும் கூடப் போகிறது, அவ்வளவுதான்.

அந்தப் பெரியவரும் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பிள்ளைகளும் ஊர் ஊராகப் படித்தவர்கள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்க்காத உறவு வீடு எனக்குத் தெரிந்து குறைவு. ஆறாம் வகுப்பிலேயே கொண்டுபோய் விடுவார்கள். மாதம் ஒரு ஞாயிறு, முறுக்கு டின்னும் எலுமிச்சங்காய் சோறும் எடுத்துக்கொண்டு போய், மரத்தடியில் உட்கார்ந்து ஊட்டிவிட்டு, மூன்று மணிக்குத் திரும்புவார்கள். தாயையும் தகப்பனையும் ஒருசேரப் பிரிந்து ஏழு வருடம் இருந்த பிள்ளைகள் உண்டு. அதை யாரும் பிரிவு என்று சொன்னதில்லை, மதிப்பெண் என்றார்கள். அங்கே தூரம் ஒரு பொருட்டே இல்லை. விவாகரத்தான பெண் ஒருத்தி முந்நூறு கிலோமீட்டர் தள்ளி வேலைக்குப் போகும்போது மட்டும் தூரம் பாவமாகிவிடுகிறது.

அப்படியானால் நம் ஆட்களை உறுத்துவது தூரம் இல்லை. முடிவை எடுத்தது யார் என்பது உறுத்துகிறது.

இந்த இடத்தில் சட்டத்தை இழுப்பார்கள். "அஞ்சு வயசு வரைக்கும் அம்மா, அப்புறம் அப்பா" என்பது நம் பக்கத்தில் ஒரு மனப்பாடம். சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், ஆறாவது பிரிவில், ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. ஐந்து நிறைந்த மறுநாள் தகப்பனிடம் போய்விட வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அதே சட்டத்தின் பதின்மூன்றாவது பிரிவு, எல்லாவற்றுக்கும் மேலே குழந்தையின் நலன் என்கிறது. தகப்பன்தான் இயற்கைக் காப்பாளர், அவருக்குப் 'பிறகு' தாய் என்று ஆறாவது பிரிவில் ஒரு சொல் இருப்பது உண்மை. அந்தச் சொல்லை உச்ச நீதிமன்றம் வரை இழுத்தவர் கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன். 1984-ல் மகன் பெயரில் பத்திரம் வாங்க ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தபோது, தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். 1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: 'பிறகு' என்றால் தகப்பன் இறந்த பிறகு என்று பொருள் இல்லை, அவர் பொறுப்பில் இல்லாத நிலையில் தாயும் இயற்கைக் காப்பாளரே. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. நம் வாசல் பேச்சுகளில் இன்னும் பழைய 'பிறகு'தான் ஓடுகிறது.

ஊர் மாறுவதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? தனியாக ஒரு சட்டம் நம்மிடம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, நீதிமன்றம் நியமித்த காப்பாளர் அனுமதி இல்லாமல் குழந்தையை நீதிமன்ற எல்லையைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்கிறது. அனுமதி வாங்கு என்கிறதே தவிர, போகாதே என்று சொல்லவில்லை. நூற்றி முப்பது வருடத்துக்கு முந்தைய சட்டமே அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

2010 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு டெல்லித் தம்பதியின் வழக்கு முடிவுக்கு வந்தது. சித்தி மகளைப் போலவே சம்மதித்துப் பிரிந்தவர்கள். மகனைத் தாயிடம் விடுவது என்று ஒப்புக்கொண்டவர்கள். தாய்க்கு ஆஸ்திரேலியாவில் வேலை. பையனைக் கூட்டிப்போக அனுமதி கேட்டார், தகப்பன் எதிர்த்தார். நீதிபதிகள் ஜி.எஸ். சிங்வியும் அசோக் குமார் கங்குலியும் அந்தச் சிறுவனைத் தங்கள் அறைக்கு அழைத்துப் பேசினார்கள். பிறகு தாயின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். பிள்ளையா, வேலையா என்று ஒரு தாயைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். குழந்தையின் தேவை மாற மாறக் காவல் உத்தரவும் மாறக்கூடியதே என்பதையும் அதில் சொன்னார்கள். தகப்பனுக்கு ஆண்டுதோறும் விடுமுறையில் பையனை இந்தியாவுக்குக் கூட்டிவந்து காட்ட ஏற்பாடானது. கடல் தாண்டிப் போவதற்கே இதுதான் முடிவு. ஓசூர் நம் மாநிலத்துக்குள் இருக்கும் ஊர்.

"அதெல்லாம் சரிங்க, நம்ம கோயமுத்தூர் கேஸ் என்னாச்சு?" என்று வக்கீல்கள் கேட்பார்கள். கேட்கட்டும். 2012 ஆகஸ்டில் பிரிட்டனிலிருந்து இரண்டு பெண் குழந்தைகளோடு கோவைக்கு வந்த தாய் ஒருவர் இங்கேயே தங்கிவிட்டார். கோவைக் குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட்டார். குழந்தைகளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்தார். தகப்பன் பிரிட்டன் நீதிமன்றத்துக்குப் போனார். குழந்தைகளைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டதாக அந்த நீதிமன்றம் நவம்பரில் உத்தரவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தகப்பனின் ஆட்கொணர்வு மனுவைத் தள்ளியது. 2015 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் மதன் லோகூர், யு.யு. லலித் அமர்வு அதை மாற்றி, குழந்தைகளை பிரிட்டனுக்குக் கொண்டுபோகச் சொன்னது. முதலில் உத்தரவு போட்டது அந்த நாட்டு நீதிமன்றம், அதை மதிக்க வேண்டும் என்பது முக்கியமான காரணம். அதற்குள் குழந்தைகள் கோவையில் இரண்டரை வருடம் இருந்துவிட்டார்கள். வீட்டில் இந்த வழக்கைச் சொல்லித்தான் பெண்களை மிரட்டுகிறார்கள்.

இரண்டு விஷயத்தை அவர்கள் சொல்லாமல் விடுகிறார்கள். ஒன்று, 2017 ஜூலையில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு வேறொரு வழக்கில், யார் முதலில் உத்தரவு வாங்கினார்கள் என்ற அளவுகோலை ஏற்க மறுத்துவிட்டது. எந்த நாட்டு உத்தரவாக இருந்தாலும் குழந்தையின் நலனே மேல் என்றது. அதைவிடப் பெரியது இரண்டாவது. அந்தத் தாய் கணவரிடம் சம்மதமோ நீதிமன்றத்திடம் அனுமதியோ வாங்காமல் தங்கிவிட்டவர். சித்தி மகள் பெரியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, போகட்டுமா என்று கேட்டவள். சொல்லாமல் தூக்கிக்கொண்டு போவதும் கேட்டுவிட்டுப் போவதும் ஒன்று என்றால், கேட்பதற்கு ஒருத்திக்கும் மனம் வராது. கேட்ட பெண்ணுக்கும் கேட்காத பெண்ணுக்கும் ஒரே பழியைச் சுமத்தி, நேர்மையாக இருப்பவர்களைத்தான் நாம் ஊரில் கட்டிப்போடுகிறோம்.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தையும் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் இந்தச் சண்டை முப்பது ஆண்டுகளாக நடக்கிறது. 1996-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில் தாய் போக விரும்பிய தூரம் நாற்பது மைல்தான். போவது அவசியம் என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். விவாகரத்தான குடும்பத்துப் பிள்ளைகளைப் பல ஆண்டு பின்தொடர்ந்த உளவியலாளர் ஜூடித் வாலர்ஸ்டைன், பிள்ளையை வளர்க்கும் பெற்றோரின் வாழ்வு நிலைப்பதே பிள்ளைக்கு அடிப்படை என்று அந்த வழக்கில் எழுதிக் கொடுத்தார். 2003-ல் அரிசோனாவில் ஓர் ஆய்வு மறுபக்கம் பேசியது: பெற்றோர் பிரிந்தபின் ஒருவர் தூர ஊருக்குப் போன குடும்பத்து மாணவர்கள் பல விஷயங்களில் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தப் பின்னடைவு ஊர் மாறியதால் வந்ததா, ஊர் மாறும் அளவுக்கு முற்றிப்போன சண்டையால் வந்ததா என்பதை அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்னொன்று, போனது தகப்பனாக இருந்து பிள்ளை தாயோடு அதே ஊரில் தங்கிய குடும்பங்களும் அந்தப் பின்னடைவுக் கணக்கில் உண்டு.

இதைத்தான் நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. தகப்பன் துபாய்க்கு வேலைக்குப் போனால் எந்த நீதிமன்றமும் அவரைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பார்வை என்னாவது என்று கேட்பதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி என்று மூன்று வாரம் வராமல் இருந்தால் கேள்வியே இல்லை. பையன் பத்து மணிக்கே சட்டை போட்டு, தலைவாரி, ஷூ மாட்டி, வாசல் படியில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பதினொன்றரைக்கு ஷூவைத் தானே கழற்றி மூலையில் வைத்தான். அன்று அவனுக்கும் அப்பாவுக்கும் இடையே நான்கு கிலோமீட்டர் தூரம். நீதிமன்ற உத்தரவு தாயைத்தான் வீட்டோடு கட்டியது, தகப்பனை வரச் சொல்லிக் கட்டவில்லை. குழந்தை நலன் என்ற பெயரில் ஒருவர் காலில் மட்டும் சங்கிலி போட்டால், அதற்குக் குழந்தை நலன் என்று பெயர் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

தகப்பன்மாரின் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. 1890 சட்டத்தின் ஒன்பதாவது பிரிவின்படி, குழந்தை எங்கே வழக்கமாக வசிக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்துக்குத்தான் காப்பாளர் வழக்கு போகும். இன்று ஓசூர் போனால் நாளை வழக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போய்விடும், நான் அங்கே அலைய வேண்டும் என்று அவர் நினைப்பது நியாயம். போன இடத்தில் போனை எடுக்காமல் விட்டுவிடுவாளோ என்ற பயமும் நியாயம். அப்படிச் செய்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது பிள்ளைக்குச் செய்யும் துரோகம். அதற்கான மருந்தை உத்தரவிலேயே எழுத முடியும். ஊரிலேயே இரு என்பது மருந்து இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடம் 52 ஞாயிறு, ஒன்றுக்கு ஏழு மணி நேரம்: 364 மணி. ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தாலும் முழு நாள் கணக்கில் பதினைந்து நாள்தான். அந்த ஏழு மணியும் எப்படிக் கழிகிறது? மால், ஐஸ்கிரீம், விளையாட்டு அரங்கு, ஒரு பிரியாணி. ஐந்து மணிக்குத் திருப்பி விடுவதற்கு நாலரைக்கே பைக்கை எடுக்க வேண்டும். அப்பா வீட்டில் பையன் ஓர் இரவு தூங்கியதில்லை. காய்ச்சலில் அவன் எப்படிப் புலம்புவான் என்று அப்பாவுக்குத் தெரியாது. சாம்பாரில் கத்தரிக்காயை ஒதுக்குவான் என்பதுகூட எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தூரத்தைக் காட்டிப் பாதுகாக்கச் சொல்லும் உறவு இவ்வளவுதான்.

இதற்குப் பதில், கோடை விடுமுறையில் மே மாதம் முழுக்க அப்பா வீட்டில். காலாண்டு, அரையாண்டு விடுமுறையில் பாதி. பொங்கல் ஒரு வருடம் இங்கே, மறு வருடம் அங்கே. அப்பா எப்போது ஓசூர் வந்தாலும் சனி ஞாயிறு அவரோடு. மே மாதம் ஒன்றே ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் சேர்ந்ததைவிட இரண்டு மடங்கு. அந்த ஒரு மாதத்தில் பையன் அப்பாரோடு வெள்ளலூர் குளக்கரைக்கு நடந்து போவான். ஆத்தா கையால் களி தின்பான். அப்பாவிடம் திட்டு வாங்குவான். 2023 டிசம்பர் 30 முதல் கோவையிலிருந்து பெங்களூருக்கு வந்தே பாரத் ஓடுகிறது, ஓசூரில் நிற்கிறது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம். போத்தனூர், குறிச்சிப் பக்கம் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கும் இந்தத் தூரக் கேள்வி புதிது இல்லை. பழைய ஹனஃபி சட்ட நூல்கள், தகப்பன் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்ப முடிகிற தூரமா என்று அளந்தன. தாயின் சொந்த ஊருக்கு விதிவிலக்கும் தந்தன. மாட்டு வண்டி, ஒட்டக காலத்திலேயே தூரத்தை மைலால் அளக்காமல் பயண நேரத்தால் அளந்திருக்கிறார்கள்.

நீதிமன்றங்களும் இந்தப் பக்கம்தான் நகர்கின்றன. 2020 ஜனவரியில் நீதிபதி தீபக் குப்தா அமர்வு, வேறு வேறு ஊரில், வேறு வேறு நாட்டில் இருக்கும் பெற்றோருக்குத் தொடர்பு உரிமை என்று ஒன்று வேண்டும், தினமும் சில நிமிடமாவது குழந்தையோடு வீடியோவில் பேச வழி செய்ய வேண்டும் என்றது. ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015 மே மாதம் தந்த 257-ஆவது அறிக்கையில், கூட்டுக் காவலோடு சேர்த்து இடம் மாறுவதைப் பற்றியும் வழிகாட்டுதல் இருக்கிறது. பத்தாண்டு கடந்தும் அது சட்டமாகவில்லை. சட்டம் இல்லாத இடத்தை வேப்ப மரத்தடி நாற்காலிகள் நிரப்புகின்றன.

கடைசியாக அவள் பக்கம். போத்தனூரிலேயே வேலை தேடு என்றார்கள். தேடினாள். கிடைத்தது பதினாலாயிரம் ரூபாய் வேலை. அதில் வாடகை போக மிச்சம் பையனின் பள்ளிக் கட்டணத்துக்குக் காணாது. ஜீவனாம்சம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, வராமலும் போகிறது. தெருவில் இறங்கினால் மூன்று வீடு தள்ளி முன்னாள் நாத்தனார். கோயில் விசேஷத்தில் யார் பக்கம் நிற்பது என்று பையன் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே தடுமாறுகிறான். அவள் தப்பியோடுகிறாள் என்று சொல்பவர்கள், அவள் சொந்தக் காலில் நிற்பதற்கு இந்த ஊர் இடம் கொடுத்ததா என்று தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தாய் சோற்றுக்கு அடுத்தவர் கையைப் பார்த்து நிற்கும் வீட்டில் பிள்ளையின் நலன் எப்படித் தனியாக நன்றாக இருக்கும்?

அவள் யாரிடமும் சொல்லாமல் போகவில்லை. கோவைக் குடும்ப நீதிமன்றத்தில், பார்வை உத்தரவை மாற்றித் தரக் கேட்டு மனு போட்டிருக்கிறாள். நான் மேலே சொன்ன விடுமுறைக் கணக்கு அந்த மனுவில் இருக்கிறது. போகவரும் டிக்கெட் செலவில் பாதியைத் தான் ஏற்பதாகவும் எழுதியிருக்கிறாள். பையனின் அப்பா சம்மதம் சொன்னால் ஒரே வாய்தாவில் முடியும். எதிர்த்தால் எத்தனை மாதம் ஆகுமோ. தொழிற்சாலை ஒருமுறை தேதியைத் தள்ளிக் கொடுத்தது, மறுபடி தள்ளாது.

தம்பி, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் மகனை உங்களிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு முன் அந்தச் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.